மணி அடிக்காத சனிக்கிழமை

நாற்பது நாள் கறி வாடையே இல்லாத வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கத் தொடங்கினால் எப்படி மணக்கும் என்பது தவக்காலம் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் எங்கள் அடுப்பிலிருந்து ஒரு பெரிய சனிக்கிழமை காலையில் எழும்பிய அந்த மணம், இத்தனை வருஷம் ஆகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நல்ல மணம்தான், ஆனால் நினைத்தாலே நெஞ்சு உறுத்துகிறது.

ஐம்பதுகளில் பாஸ்குப் பண்டிகை என்று நாங்கள் சொல்லும் ஈஸ்டர் வந்தால் எங்களுக்கு நாலு நாள் விடுமுறை. பெரிய வியாழக்கிழமை பூசையில் எல்லா மணியும் ஒருசேர அடித்து ஓய்ந்தால் அத்தோடு கோயில் மணிக்கு வாய்க்கட்டு. பூசைக்கு அழைக்க, "கட்டை மணி" என்று நாங்கள் சொன்ன மரப்பலகையைத் தட்டிக்கொண்டு ஒருவர் தெருவில் போவார். வெள்ளிக்கிழமை முழுக்கக் கஞ்சியும் சிலுவைப்பாதையுமாகக் கழியும். சனிக்கிழமை முற்பகல் பூசையில் மணி மறுபடி அடிக்கும், "தவசு" தீரும், மத்தியானம் இலையில் கறி விழும். அம்மா பிறந்ததிலிருந்து கண்டது அதுதான். நான் சொல்லும் வருஷம்தான் ரோமாபுரியிலிருந்து புதிய முறை வந்து, சனிக்கிழமைப் பூசையும் மணியும் இரவுக்குப் போயின.

அந்தத் தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அஞ்சலை இருந்தாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, சரக்கெடுக்க அந்த ஊருக்குப் போகவர இருந்து அவளை விரும்பிவிட்டார். அவள் எங்கள் வேதத்தில் சேர்கிறாள் என்றதும் பெற்றவர்கள் தலைமுழுகிவிட்டார்கள். சனிக்கிழமை இரவு திண்டிவனம் கோயிலில் ஞானஸ்நானம், திங்கட்கிழமை அங்கேயே தாலி என்று பேச்சு. அம்மாதான் ஞானத்தாய். தண்ணீர் ஊற்றும்போது அவள் தோளில் கை வைத்து, இவளுக்கு நான் பொறுப்பு என்று நிற்க வேண்டியவள்.

பிறந்த கிறிஸ்தவர்களான நாங்கள் ஒரே வேளை சாப்பிட வேண்டிய "ஒருசந்தி" நாளில் பொழுது ஏறுமுன்னே அடுக்களையை எட்டிப் பார்க்கிற ஆட்கள். அஞ்சலையோ தண்ணீர் குடிக்கக்கூட அம்மாவைக் கேட்டுத்தான் குடிப்பாள். செபங்களை அடுப்படியில் உட்கார்ந்து முணுமுணுத்தே மனப்பாடம் செய்தாள். வந்தபோது பூசினாற்போல் இருந்தவள், பங்குனி வெயிலில் கழுத்தெலும்பு தெரியும்படி ஆகிவிட்டாள். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்தப் பெரிய சனிக்கிழமை மத்தியானம் இலை போட்டதும் அம்மா முதலில் அவளுக்குத்தான் பரிமாறினாள். அஞ்சலை கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "இன்னும் மணி அடிக்கலியே அண்ணி?" என்றாள்.

"பூசையத்தான் ராத்திரிக்கு மாத்தினாங்க, வயித்தையுமா மாத்துவாங்க? நீ சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். அம்மா சொன்னால் வேதம் சொன்ன மாதிரி அவளுக்கு. எல்லோரும் சாப்பிட்டோம், நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் போகும்போது, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி என்று வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போக, நான் யாருக்கும் தெரியாமல் விரலை மோந்து பார்த்துக்கொண்டே போனேன். அப்படி ஒரு சந்தோஷம்.

திண்டிவனம் ஸ்டேஷனில் மாமா உதடு வறண்டு நின்றார். "என்னாடா தம்பி, சாப்டலியா?" என்று அம்மா கேட்டதற்கு, "எங்கக்கா சாப்புடறது? ராத்திரி மணி அடிக்கிற வரைக்கும் ஒருசந்தி, கறி தொடாத சுத்தபோசனம்னு சாமி குருத்தோல ஞாயித்துக்கெழமயே சொல்லிட்டாரே. ஒங்க கோயில்ல சொல்லலியா?" என்றார்.

சொல்லியிருப்பார்கள். அந்த ஞாயிறு என் தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா பூசைக்குப் போகவில்லை. இராத்திரி வேலை முடித்து நேரே கோயிலுக்குப் போன அப்பா, பிரசங்கத்தில் தூங்கிவிட்டுக் குருத்தோலையை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். பிளாட்பாரத்தில் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தண்டவாளத்தைப் பார்த்தார். அஞ்சலை முந்தானையால் வாயைத் துடைத்தாள். சாப்பிட்டதும் கழுவிய வாய்தான், ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா நேரே கோயிலுக்குப் போய்ப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பின்னாலேயே வந்த சாமியாரிடம் எல்லோர் எதிரிலும் அம்மா மறுபடி கேட்க, அவர், "தெரியாம செஞ்சதுல பாவம் இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கும் ஒரு தடையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அது போதவில்லை.

"பாவம் இல்லன்னு சாமி சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒத்துக்கல. மணி அடிக்கலியேன்னு நேத்து வந்தவ கேட்டா, நான் கேக்கல. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழனிப்பானையில வுழுந்த கத ஆயிடுச்சி. வேற யாரையாவது ஞானத்தாயா நிக்கச் சொல்லுடா தம்பி" என்று கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா வாசலுக்கும் படிக்குமாக நடந்தார். அந்தி நேரத்தில் வேறு யாரைத் தேடுவது? ஞானத்தாய் இல்லையென்றால் ஞானஸ்நானம் இல்லை, அது இல்லையென்றால் திங்கட்கிழமைத் தாலியும் இல்லை. அஞ்சலை மெல்லப் போய் அம்மாவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"எங்கம்மா வூட்டுக் கதவு மூடிக்கிச்சி அண்ணி. நாப்பது நாளா எனக்குச் சோறு போட்டுக்கினு, செபம் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தவங்க நீங்க. நீங்களும் கைய எடுத்துட்டா எந்தோள்ல யாரு கை வெப்பாங்க? கறி துன்ன வாயின்னு சாமியே வேணாம்னு சொல்லல, நீங்க சொல்றீங்களே."

அம்மா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவுதான். அன்றிரவு அவள் தோளில் அம்மாவின் கை இருந்தது; தண்ணீர் ஊற்றி முடியும்வரை எடுக்கவில்லை. திங்கட்கிழமை அஞ்சலை எனக்கு அத்தையானாள்.

அதன்பின் சாகும்வரை பெரிய சனிக்கிழமையில் இரவு மணி அடிக்காமல் அம்மா பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. அவளைப் பார்த்து அத்தையும் அப்படியே. சில வருஷங்களில் சட்டம் இன்னும் தளர்ந்து, சனிக்கிழமை ஒருசந்தி கட்டாயம் இல்லை என்றே ஆகிவிட்டது. அதைச் சொன்னபோது அம்மா, "சாமிங்க மாத்திக்குவாங்க, நான் எதை மாத்தறது?" என்றாள்.

இன்றைக்குக் கட்டை மணி எங்கே போயிற்றோ தெரியவில்லை. நின்று நின்று போன அந்தக் கரிவண்டி போய்விட்டது. அம்மா, அப்பா, மாமா எல்லோரும் போய்விட்டார்கள். திண்டிவனத்தில் மகன் வீட்டில் அத்தை மட்டும் இருக்கிறாள், சர்க்கரை வியாதியோடு. போன பாஸ்குக்கு நான் போயிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் வேறு யாரும் இல்லை. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் இருந்தவளுக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது. தயிர் சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். வாயை இறுக மூடிக்கொண்டவள், பிறகு சன்னமாக, "மணி அடிச்சிடுச்சா?" என்றாள்.

"அடிச்சிடுச்சி அத்த, சாப்புடுங்க" என்றேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணியும் அன்னிக்கு எம்பசியப் பாக்க முடியாமத்தான் போட்டாங்க. அது எனக்கு அப்பவே தெரியும். அவங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன்" என்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.