சுடுகிறது என்று சொல்லக் கற்றுக்கொண்ட அக்கா

எங்கள் அக்கா திசையன்விளைப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்து, கைக்குழந்தையாகவே தாராவிக்கு வந்தார்கள். அம்மா சீக்கிரமே கர்த்தரிடம் போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. ஒருமுறை மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைய பைகளை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அத்தானைக் கட்டி மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் போன பிறகும் அதே குணம்தான். எல்லோரும் அதை மெச்சினார்கள். எனக்கு இன்று அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. மார்பில் வந்த கட்டியையும் அப்படித்தான் வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

ஆபரேஷன் செய்தும் அதே இடத்தில் கட்டி திரும்பி வந்தது. கரண்ட் வைப்பது என்கிற கதிர்ச் சிகிச்சையோடு சூடும் கொடுக்கலாம், சூடுபட்ட கட்டி கதிருக்குச் சீக்கிரம் மடியும் என்றார் டாக்டர். நெஞ்சில் தண்ணீர்ப் பையை வைத்து, அதன்மேல் கருவியை வைத்துச் சூடேற்றுவார்கள். தாங்க முடியாவிட்டால் உடனே சொல்ல வேண்டும். அக்கா சொல்லவில்லை. தோல் கொப்பளித்து, அது ஆறும்வரை சூடு கொடுப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

“ஏன்க்கா சொல்லல?” என்றேன்.

“சுடுதுன்னா கொறச்சிருவாங்கல்லா. சூடு கொறஞ்சா சீக்கு எப்படில சாவும்?”

சூடு கொடுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மராத்திப் பெண், நான் இதை இந்தியில் சொல்லக் கேட்டுச் சண்டைக்கே வந்துவிட்டாள். “தீதி, சுப் மத் ரஹோ!” அக்கா, பேசாமல் இருக்காதீர்கள் என்றாள். எங்கே சுடுகிறது என்று வாயைத் திறந்து சொன்னால்தான் கருவியை நகர்த்திவைத்து வைத்தியத்தை முழுதாகக் கொடுக்க முடியும் என்று விளக்கினாள். அடுத்த முறை அக்கா கூச்சத்தோடு, “ஜல்தா ஹை”, சுடுகிறது என்று சொன்னது வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

கட்டி சுருங்கியது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புதுச்சேலை கட்டி வந்தார்கள். பிழைத்துவிட்டார்கள் என்றே நம்பினோம். ஆனால் நோய் அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது.

கடைசி வாரத்தில் ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்து, “ரொம்ப வலிக்குதுல தம்பி. எங்கயும் போயிராத” என்றார்கள். பிறந்ததிலிருந்து நான் அவர்கள் வாயில் கேட்டிராத சொல். அத்தான் நர்ஸைக் கூப்பிட ஓடினார்கள். நான் நகரவில்லை. ஊசி போட்டதும் வலி அடங்கி, கையை விடாமலே தூங்கினார்கள்.

ரத்தம் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த சபைச் சகோதரிகளுக்கும், சுனாபட்டியிலிருந்து தினமும் வந்து ஜெபித்த சித்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மராத்திப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப் போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்: நீ சண்டை போட்டிராவிட்டால், எங்கள் அக்கா அந்தக் கடைசி வலியையும் எங்களிடம் சொல்லாமலே போயிருப்பார்கள்.