பூஜையில் வைத்த டல்சிமர்

ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாள், தன் அப்பா வாசித்த பழைய டல்சிமரை எங்கள் சரஸ்வதி பூஜையில் வைக்கக் கொடுத்தார். சின்னக் குச்சிகளால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம் அது. தந்திகளுக்கு அடியில் ஒரே தூசி. பூஜைக்கு வைப்பதைத் துடைக்காமல் வைப்பதா? என் கை சும்மா இருக்குமா? எல்லாத் தந்திகளையும் தளர்த்தினேன். அவற்றைத் தாங்கி நின்ற நீளக் கட்டைகள் இரண்டும் சரிந்து விழுந்தன. அவற்றை யாரும் பலகையில் ஒட்டியிருக்கவில்லை. தந்திகளின் அழுத்தம்தான் இத்தனை காலமும் நிறுத்தி வைத்திருந்தது.

"உங்களை யாருங்க லூஸ் பண்ணச் சொன்னது? அவங்க வர்ற டைம் ஆயிடுச்சு!" என்றாள் மனைவி.

கட்டைகளை வாத்தியத்தின் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

அந்த அம்மாள் வந்து வெகுநேரம் பார்த்தார். "இப்படிப் பிரித்து வைப்பதும் பூஜையில் ஒரு முறையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆமாம் என்றேன். மனைவி விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் பதறிப்போய் வாசலுக்குச் சென்று ஷூவைக் கழற்றினார். திரும்பி வந்து கட்டைகளின் முன் கைகூப்பினார். பிறகு, ஷூவோடு உள்ளே வந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.