புள்ளடி விழுந்த சீட்டு

நான் சட்டம் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள். பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் முகத்துக்கு நேரே சிரிப்பேன். ஆனால் இது நடந்தது. மார்செல்லும் பார்த்தார்.

போன மார்ச், ஒரு ஞாயிறு, நகரசபைத் தேர்தல். லா ஷப்பலில், ரூ பஜோலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. வாக்காளரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. மார்செல் பொறுப்பாளர். வாக்குச்சீட்டு உறை பெட்டிக்குள் விழுந்ததும் "அ வோத்தே!", அதாவது வாக்களித்தாயிற்று, என்று உரக்கச் சொல்ல வேண்டியவர். அன்று அவருக்குத் தொண்டை நோகவே இல்லை.

வெளியே கடைத்தெருவில் எங்கள் சனம் நிரம்பி வழிந்தது. உள்ளே ஒரு தமிழர்கூட வரவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்காக வருடக்கணக்கில் பிரெபெக்தூர் அலுவலக வாசலில் நின்றவர்களுக்கு, இந்தத் தெருவைக் கடந்து வர முடியவில்லை!

"உங்கள் ஆட்கள் தேர் இழுக்க மட்டும்தான் வருவார்களோ?" என்றார் மார்செல்.

"என் அப்பா வருவார்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஏழு மணிக்கு அப்பாவுக்குப் போன் அடித்தேன்.

"ஆர் வெண்டாலும் நான் விடியக் கூட்டிக் கழுவத்தானே போகோணும். விடு, கஜானி."

"எட்டு மணிக்குப் பூட்டிடுவம். வராட்டி என்னோட கதைக்க வேண்டாம்."

வைத்துவிட்டார்.

எட்டு மணிக்குச் சற்று முன். கூடம் வெறுமை. மறைப்புத் திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

வெறுங்கால்கள்.

யாரும் உள்ளே வந்ததை நான் பார்க்கவில்லை...

திரை விலகியது. சுகிர்தம் அன்ரி. எங்கள் மாடியிலேயே எதிர்வீடு. தனியாக இருப்பவர். அந்தக் குளிரில் நைற்றியோடு நின்றார்.

"அன்ரி, செருப்பு எங்க?"

அடையாள அட்டையை நீட்டினார். மார்செல் பெயரை வாசித்தார். உறை விழுந்தது. சத்தமே இல்லை.

"அ வோத்தே..." மார்செல்லின் குரல் இறங்கியிருந்தது.

அன்ரி பேனையைத் தொடவில்லை. இடக்கைச் சின்னவிரலை என்னிடம் நீட்டினார். ஊரில் வாக்களித்தால் மை பூசுகிற விரல்.

"இஞ்சை மை பூசுறேல்லை, அன்ரி..."

விரல் அப்படியே நின்றது. விலக்கப் போனேன். ஐஸ் பெட்டியில் கிடந்த மீன்போல இருந்தது.

காதருகே குனிந்தார்.

"கொப்பா வரமாட்டார், பிள்ளை. எவ்வளவு நேரம் தட்டினனான்... திறக்கேல்லை."

பேனை விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை. திறந்தால் கிறீச்சிடும் கூடத்துக் கதவு கிறீச்சிடவே இல்லை.

எண்ணும்போது ஒரு சீட்டில் புள்ளடி, பெருக்கல் குறிபோல. ஊரில் அப்படித்தான் வாக்களிப்பது. இங்கே அச்சிட்ட சீட்டை உறையில் இடுவதோடு சரி, எதுவும் கீறக்கூடாது. மறைப்புக்குள் பேனையும் கிடையாது.

"செல்லாது" என்று மார்செல் ஒதுக்கி வைத்தார்.

வீட்டுக்குப் போனேன். எங்கள் மாடியில் தீயணைப்புப் படை. அன்ரியின் கதவு உடைந்து கிடந்தது. புறநகர்ப் பொபினியிலிருந்து வந்த மகள் தலையில் அடித்து அழுதாள்.

வியாழக்கிழமை இரவே உயிர் போய்விட்டதாம். மாரடைப்பு.

அப்பா சுவரோடு ஒட்டி நின்றார்.

"வியாழன் பின்னேரம் எங்கட கதவை ஆரோ கனநேரம் தட்டினது, கஜானி."

"ஆரெண்டு கேக்கேல்லையோ?"

"வோட்டுக் கேக்க வந்த ஆக்களெண்டு நினைச்சு... ரீவிச் சத்தத்தைக் கூட்டி விட்டனான்."