மூழ்கிய கோயிலுக்கு மேலே இரண்டு படகுகள்

1. முதல் நாளும் வெள்ளைத் தொப்பியும்

படகுச் சேவை முதலாளி ஹாஜியார் என்னை வேலைக்கு எடுத்தபோது கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஒங்ககிட்ட வெள்ளைத் தொப்பி இருக்கா?" என்பதுதான். இருந்தது. கப்பலில் வேலை செய்த காலத்துத் தொப்பி. அதனால் நான் கெப்டன் ஆனேன்.

உண்மையில் கப்பலில் நான் கெப்டன் சொன்ன பக்கம் சுக்கானைத் திருப்பியவன். மீதி நேரமெல்லாம் டெக்கில் துரு சுரண்டினேன். ஆனால் மலைநாட்டில், எங்கள் லிந்துலைப் பக்கம், கப்பல் பார்த்தவனே அபூர்வம். தொப்பியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஊரே கெப்டன் என்றது. நானும் மறுத்து யாருடைய மனத்தையும் புண்படுத்தவில்லை.

நீர்த்தேக்கத்தில் எங்களுக்கு இரண்டே படகுகள். அக்கரைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் சனம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை எல்லாவற்றுக்கும் அவற்றில்தான் வரும். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து, இரண்டும் முட்டாமல் விலகிப் போகின்றனவா என்று சோதிக்கப் போகிறார். தேறினால் பெர்மிட். தேறாவிட்டால் இரண்டையும் கரையில் கட்டிப்போட வேண்டும். பிறகு அக்கரை ஆட்கள் மலையைச் சுற்றி பஸ்ஸில்தான் வர வேண்டும். அந்த பஸ்ஸோ, மனம் வந்தால் வரும்.

"ரெண்டு போட், இம்புட்டுத் தண்ணி. இதுல எப்பிடித் தம்பி முட்டும்?" என்றார் ஹாஜியார்.

"கடலும் பெரிசுதான் மொதலாளி. அங்கயும் முட்டிக்கிறாங்களே."

அவர் கவலையோடு என் தொப்பியைப் பார்த்தார்.

2. சார்ட் வரைந்த கதை

கடலுக்கு சார்ட் உண்டு. எங்கே எவ்வளவு ஆழம், எங்கே பாறை, எங்கே மூழ்கிய கப்பல் என்று எல்லாம் அதில் இருக்கும். நீர்த்தேக்கத்துக்கு ஒன்றும் இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி இறக்கி நானே ஒன்று வரைந்தேன்.

கூடையோடு படகுக்குக் காத்திருந்த அக்கரைப் பவானியக்கா எட்டிப் பார்த்தார். "மழ பேஞ்சா ஒரு ஆழம், கரண்டுக்குத் தண்ணி தொறந்தா ஒரு ஆழம். நீங்க எதக் கெப்டன் எழுதுறீங்க?"

நல்ல கேள்வி. கடல் சார்ட்டில் தண்ணீர் ஆக வற்றிய நிலையை வைத்துத்தான் ஆழம் எழுதுவார்கள். மோசமான நாளை எழுதி வைத்துக்கொண்டால் மற்ற நாளெல்லாம் லாபம். இதை விளக்கினேன்.

"எங்க வீட்டுக்காரர நெனச்சு நானும் அப்பிடித்தான் வச்சிருக்கேன்" என்றார் அக்கா.

நடுத்தண்ணீரில் ஒரு சிக்கல். அணை கட்டியபோது பழைய கோயில் ஒன்று உள்ளே போய்விட்டது. கடும் வறட்சியில் கோபுர நுனி மட்டும் வெளியே தெரியும். மூழ்கிய கப்பலுக்குரிய குறியை அந்த இடத்தில் போட்டேன். இரண்டாவது படகின் ட்ரைவர் ராசையா அதைப் பார்த்துக் கொதித்துவிட்டார்.

"சாமியப் போயி ஒடஞ்ச கப்பல்னு போட்டிருக்கீங்களேண்ணே! வெளங்குமா இந்த போட்?"

அழித்துவிட்டு ஒரு சூலம் வரைந்தேன். சூலம் போட்ட சார்ட் உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

3. வலது பக்கம்

ராசையா முன்பு ஹட்டன் றோட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பதுதான் என் பெரிய வேலை.

இரண்டு படகுகள் நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலது பக்கம் திரும்ப வேண்டும். சீக்கிரமாகவும் மற்றவனுக்குத் தெரியும்படி நன்றாகவும் திரும்ப வேண்டும். வலதுக்குத் திரும்புகிறேன் என்று சொல்ல ஒரு சின்ன ஹோர்ன்.

"றோட்டுல நாங்க எடது பக்கந்தானேண்ணே போறோம்? தண்ணிக்கு மட்டும் என்னா தனிச் சட்டம்?"

"உலகம் பூராவும் இதான் சட்டம்."

"அப்ப நம்ம றோட்டத் திருத்தச் சொல்லுங்க."

ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் அவர் இடது பக்கமே போனார். ஹோர்னும் உதவவில்லை. பஸ்ஸிலிருந்து கழற்றி வந்த ஹோர்ன் அது. ஒரு முறை அமுக்கினால் பாட்டு முழுவதும் பாடி முடித்துவிட்டுத்தான் ஓயும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. கோயில் இருக்கும் இடம் வந்ததும் எஞ்சினைக் குறைத்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவார். "சுக்கான்ல இருந்து கைய எடுக்காத. வேணும்னா தலைய மட்டும் ஆட்டு" என்று தடை போட்டேன்.

"தலைய ஆட்டுனா சாமி என்னைய என்னான்னு நெனைக்கும்?" என்றார்.

4. சோதனை நாள்

காலைப் பனி விலகியதும் கொழும்பு அதிகாரி வந்து என் படகில் ஏறினார். பவானியக்காவும் கூடையோடு ஏறிக்கொண்டார். அக்கரையிலிருந்து ராசையா வர வேண்டும், நடுவில் இரண்டு படகும் ஒழுங்காக விலக வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

ராசையாவின் படகு நேர் எதிரே வந்தது. ஹோர்ன் பாட ஆரம்பித்தது. அதில் என்ன செய்தியைக் கண்டுபிடிப்பது? என் மூளை வேலை செய்தது. ராசையா எப்படியும் இடதுக்குத்தான் போவார். சட்டப்படி நான் வலதுக்குப் போனால் முட்டும். ஆகவே நானும் இடதுக்குப் போவதே புத்திசாலித்தனம். திருப்பினேன்.

அன்றைக்கென்று பார்த்து ராசையா சட்டப்படி வலதுக்குத் திரும்பினார்.

இரண்டு படகும் ஒரே பக்கம் வந்தன. நான் மறுபடி திருப்புவதற்குள் டொக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பவானியக்காவின் கூடைகூடச் சாயவில்லை. ஏனென்றால் கோயில் இடம் வந்ததும் ராசையா எஞ்சினைக் குறைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்தேன். நானும் குறைத்திருந்தேன். எப்போது குறைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணே! நான் வலதுக்குத்தானே வந்தேன்! நீங்க ஏண்ணே ஏஞ் சைட்டுக்கு வந்தீங்க?" என்று ராசையா கத்தினார்.

"கெப்டனுக்குச் சோத்துக் கை எதுன்னு மறந்துபோச்சு போல" என்றார் பவானியக்கா.

அதிகாரி என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: இந்த இடத்தில் இரண்டு பேரும் ஏன் வேகத்தைக் குறைத்தீர்கள்? கீழே கோயில் என்றேன். அவர் எட்டித் தண்ணீருக்குள் பார்த்தார். பிறகு கேட்டார்: சரி, நீங்கள் ஏன் இடதுக்குத் திரும்பினீர்கள்?

"அவர் பிழை விடுவார் என்று நினைத்தேன், சேர்."

"எதிரே வருகிறவர் பிழை விடுவார் என்று சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும். ஊகித்துத் திரும்பக் கூடாது. உங்களுக்கு இது தெரியாதா?"

தெரியும். ராசையாவுக்கு அதை நானேதான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கரையில் ஹாஜியார் முகம் வெளுத்து நின்றார். அதிகாரி சார்ட்டை வாங்கி, சூலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இந்த வட்டத்துக்குள் எல்லாப் படகும் எஞ்சினைக் குறைத்தே போக வேண்டும், இது இனிச் சட்டம் என்றார். படகுகளுக்குப் பெர்மிட் உண்டு. ராசையா தேறிவிட்டார். எனக்கு மட்டும் மறுபரீட்சை.

5. படித்த பாடம்

எந்தச் சட்டத்தையும் எதிரே வருகிறவனும் அதைப் படித்திருக்கிறான் என்று நம்பித்தான் பின்பற்ற முடியும். நம்ப முடியாவிட்டால் வேகத்தைக் குறை. அதற்கு மேல் மூளையைப் பாவிக்காதே. இதை வாசிக்கும் இளைஞர்கள் கடலுக்குப் போனாலும் சரி, ஹட்டன் றோட்டுக்குப் போனாலும் சரி, இது உதவும்.

மறுபரீட்சைக்கு ராசையாதான் என்னைத் தயார் செய்கிறார். தொப்பியும் அவரிடம் போய்விட்டது. கோயிலுக்கு மேலே வரும்போது அதைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கும்பிடுகிறார். அந்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அதற்கு எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.