சித்தப்பா விழ மறுத்த படம்

அகலமான மூங்கில் தொப்பி ஒன்று பறந்து வந்து சித்தப்பாவின் நெற்றியில் பட வேண்டும். அவர் மல்லாக்க விழ வேண்டும். அதோடு படம் முடிந்துவிடும். ஆனால் தொப்பி வரும்போதெல்லாம் சித்தப்பா அதைக் கையால் பிடித்தார். பிடித்து, தூசி தட்டி, மரியாதையாக இயக்குநரிடம் திருப்பிக் கொடுத்தார். முக்காலியில் பூட்டிய கைபேசிக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகையே வந்தது.

இயக்குநர் என்றால் பெரிய ஆள் இல்லை. என்னோடு தாதிப் பயிற்சியில் இருந்த அசாம்காரன். ஊரில் நண்பர்களைச் சேர்த்து, கைக்காசில் அசாமிய மொழியில் ஒரு குங்ஃபூ நகைச்சுவைப் படம் எடுத்திருந்தான். அதன் இரண்டாம் பாகத்தை, நாங்கள் இருக்கும் ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் எடுக்கத் துணிந்தான். நிலக்கரிக் கழிவு கொட்டி உயர்ந்த எங்கள் மேடுதான் அவனுக்கு அசாம் மலை. சண்டையே தெரியாமல் தற்செயலாக வெல்லும் கதாநாயகன் அவனே. வில்லனுக்கு உண்மையாகவே சண்டை தெரிந்தவர் வேண்டுமென்றான். சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்கும் சித்தப்பாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு எனக்கு நன்றாக வேண்டும்.

தந்தைக்குச் சுகமில்லாமல் போனதால் இயக்குநர் பயிற்சியைப் பாதியில் விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மறுநாள் விமானம். மிச்சம் அந்த ஒரு காட்சிதான்.

"சித்தப்பா, ஒருக்கா விழுங்கோ" என்று கெஞ்சினேன்.

"ஒழுங்கான அடி பட்டால் விழலாம், பிள்ளை. தொப்பி பட்டு விழ ஏலாது. சனிக்கிழமை அந்தப் பிள்ளையளுக்கு முன்னாலை நான் எப்பிடி நிக்கிறது?"

முதல் வகுப்பிலேயே விழப் பழக்குகிற மனிதர் இப்படிச் சொன்னார். இயக்குநருக்கு இதை ஜெர்மனில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இருட்டியதும் அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

இருந்ததை வைத்து, குறைந்ததை ஊரில் எடுத்துச் சேர்த்து, படத்தை முடித்து இணையத்தில் விட்டான். வில்லன் தொப்பியைத் தூசி தட்டிக் கொடுக்கிறார். அதைப் பார்த்த கதாநாயகன் தானாகவே மயங்கி விழுகிறான். அசாமில் வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். சித்தப்பாவின் மாணவர்களும் விடவில்லை. ஒருவர் தொப்பியை ஒருவர் தட்டிக் கொடுத்து, குனிந்து வணங்கி விளையாடினார்கள். சித்தப்பா எந்தச் சிரிப்புக்குப் பயந்தாரோ அது வந்தேவிட்டது. ஆனால் வகுப்பை விட்டு ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை.

இப்போது மூன்றாம் பாகத்துக்காக இயக்குநர் கோடையில் வருகிறான். சித்தப்பாவுக்கோ முழங்கால் மூட்டு மாற்றியாகிவிட்டது. விழவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போன கிழமை சித்தப்பாவே எனக்குப் போன் எடுத்தார்.

"அவனிட்டைச் சொல்லு, இந்த முறை நான் விழுறன்."

அன்றைக்கு விழுங்கோ என்று கெஞ்சிய நான், தாதியாக இன்று விழாதேங்கோ என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. சித்தப்பா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். நேற்றுச் சித்தி போன் எடுத்தா. முன்னறையில் மெத்தையை விரித்து, கதவைச் சாத்திவிட்டு, மனிதர் தனியாக விழுந்து பழகுகிறாராம்.