பழைய வீடும் புதுச் சம்பந்தமும்

பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் தொழிலில் கட்டடங்களால் தொந்தரவே கிடையாது. நின்ற இடத்தில் நிற்கும், அளந்தால் அளக்க விடும். பாடெல்லாம் கதவைத் திறக்கிறவர்களோடுதான். வாக்காளர் பட்டியல், மக்கள்தொகை, சொட்டு மருந்து என்று எதற்காவது வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்களே, நீங்கள் எல்லாரும் என் இனம். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் தொடங்கி, தானே புயல் அடித்து ஓய்ந்த சில மாதங்கள் வரை கடலூரிலும் சிதம்பரத்திலும் எனக்கு இதுதான் பிழைப்பு. காப்பாற்ற வேண்டிய பழைய வீடு, சத்திரம், கிடங்கு எவை என்று பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், படம் வரைய வேண்டும், பிறகு அவற்றுக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். ஸ்கூட்டி என்னுடையது. டேப்பின் மறுமுனை ஆரோக்கியசாமி அண்ணனுடையது. அவர் கடலூர் முதுநகர்க்காரர். எந்த வாசலிலும் முதலில் உறவு கொண்டாடிவிட்டு, அப்புறம்தான் டேப்பை வெளியே எடுப்பார்.

துரை வீட்டுக்கு வந்த டேப்

முதுநகரில் கடலுக்குப் பக்கமாக வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு ஒன்று. கூரை போய்விட்டது, சுவர் மட்டும்தான் மிச்சம். நாங்கள் டேப்பை இழுத்ததுமே கூட்டம் கூடிவிட்டது. அந்த வருஷம் கடலூரில் டேப்போடு திரிந்தவர்கள் எல்லாரும் சுனாமி நிவாரணக்காரர்கள். எங்களையும் அப்படியே நினைத்தார்கள். மீன் விற்கிற அஞ்சலையம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டைக் காட்டினார். பின்சுவரும் இல்லை, அடுப்படியும் இல்லை.

நாங்கள் அதற்கு வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆரோக்கியசாமி அண்ணன் டேப்பின் முனையை அந்த வாசற்படியில் வைத்தார். முழு வீட்டையும் அளந்து, எது நிற்கிறது, எது போயிற்று என்று படம் போட்டு, தாலுகா ஆபீசில் காட்டச் சொல்லி அஞ்சலையம்மா கையிலேயே கொடுத்தோம். பிறகுதான் கிடங்கு சமாசாரத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவர் அந்தக் கூரையில்லாத சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தத் தொர செத்து எத்தினி காலமாவுது, அவன் ஊட்டையும் வந்து அளக்குறீங்க. போவட்டும் மேடம், அவனும் கடலுக்குப் பக்கத்துலதான இருந்தான், பாவம்!”

நம்பர் யாருக்கு நியாயம்

அளந்து முடித்த கட்டடத்தில் ஓர் ஓரமாகச் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண் எழுதுவது எங்கள் வழக்கம். எங்களுக்கு அது கௌரவப் பட்டம். ஊருக்கோ, சுவரில் சிவப்பு எண் என்றால் ரோடு அகலமாகப் போகிறது, புல்டோசர் வருகிறது என்று அர்த்தம். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுவாரம் போனபோது, நாங்கள் எண் போட்ட அரிசி மண்டியின் சுவர் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்து நின்றது. எங்கள் எண், போன தையில் கிரகப்பிரவேசம் ஆன எதிர் மாடிவீட்டின் சுவரில் இருந்தது. எங்கள் எழுத்தைவிட அழகான எழுத்து.

மண்டிக்காரர் ராமலிங்கம் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. இடிக்க வரவில்லை, இது நல்லதுக்குத்தான் என்று நான் பாடமே நடத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, எங்களுக்கு டீ சொல்லி அனுப்பினார்.

“நல்லதுன்னா அவருக்கே இருக்கட்டும் மேடம். புதுசா ஊடு கட்டினவரு, ஆசையா வச்சிக்கினு போவட்டும்!”

முகப்பில் இருந்த வருஷம்

சிதம்பரத்தில் வேறு வியாதி. தேர் ஓடும் வீதிகளில் எந்த வீட்டில் வயதைக் கேட்டாலும் ஆயிரம் வருஷத்துக்குக் குறைந்து பதில் வராது. பக்கத்தில் அவ்வளவு பெரிய கோயிலை வைத்துக்கொண்டு, ‘எங்க வீடு நேத்து கட்டினது’ என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? ஒரு மெஸ்காரரின் கட்டடத்தில் உச்சியிலேயே, கொடி, கிளி எல்லாம் போட்டுச் கட்டிய வருஷம் சுதையில் புடைத்து நிற்கிறது. அவருடைய அப்பா பிறந்த வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மெஸ்காரரோ ராஜராஜன் காலத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்.

விரலை நீட்டி முகப்பைக் காட்டினேன். மனிதர் அசரவில்லை. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, படிக்கத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“அது பெயிண்ட் அடிச்ச வருஷம்மா.”

தூணுக்கு ஒரு இடம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். பரங்கிப்பேட்டையில் அக்காவை லாத்தா என்பார்கள்; அந்த ஊர் ஜுலைகா லாத்தா வீட்டை அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் கணக்கெடுப்பிலேயே ஆக நல்ல வீடு அது. தெருவுக்கு நீளமான முகப்பு, உள்ளே பெரிய நடுக்கூடம், அதன் நட்டநடுவே ஒரே வரிசையில் பர்மா தேக்குத் தூண்கள். ஆண்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருந்ததால், ஆரோக்கியசாமி அண்ணன் தெருவில் நின்று வெளிப்புறத்தை அளந்தார், உள்ளே நான். எனக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் லாத்தாவின் இளைய மகள் சபூரா. தூணைத் தொட்டுத் தொட்டு நான் வியந்ததைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.

காரணத்தை லாத்தா சொன்னார். அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவள் ஆயிஷா கல்யாணம் கட்டிக்கொண்டு இந்த வீட்டிலேயே இருக்கிறாள். சபூராவுக்கு இப்போது நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பையனின் உம்மா, அதாவது அம்மா, தனி வாசலும் தனி அடுப்படியும் இருந்தால்தான் பேச்சு என்கிறார். இன்னொரு வீடு கட்ட வழியில்லை. எனவே தூண்களை எடுத்துவிட்டு, கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்ப மேஸ்திரிக்குச் சொல்லியாகிவிட்டது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் வேலை.

இந்த மாதிரித் தூண் இனி கிடைக்காது, கொஞ்சம் பொறுங்கள், வேறு இடம் பார்க்கக் கூடாதா என்று என்னென்னவோ சொன்னேன். லாத்தா எனக்குத் தேங்காய்ப்பால் கஞ்சி ஊற்றி வைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் கேட்டார்.

“தூணுக்கு இவ்ளோ பேசுறீங்க மேடம், நல்லது. என் மவளுக்கு ஒரு எடம் சொல்லுங்க, தூணு கெடக்கட்டும்.”

உள்ளேயும் வெளியேயும்

கடலூருக்கு வந்து படம் வரைய உட்கார்ந்தோம். உள்ளே எடுத்த என் அளவையும் வெளியே எடுத்த அண்ணன் அளவையும் ஒரே தாளில் சேர்ப்பதுதான் இந்த வேலையில் பெரிய தலைவலி. மாமியாரும் மருமகளும் சொல்கிற கதை மாதிரி, ஒன்றுக்கொன்று ஒட்டாது. முன்னறைச் சுவரில் நான் ‘சுவர் அலமாரி’ என்று எழுதியிருந்தேன். அதே இடத்தில் வெளிப்பூச்சில் ‘நீளவாக்கில் இரண்டு விரிசல்’ என்று அண்ணன் எழுதியிருந்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், விரிசல்களுக்கு நடுவே உள்ள அகலமும் உயரமும் அலமாரியோடு அப்படியே ஒன்று. அதுவும் வீட்டின் வாசற்கதவு அளவு. உள்ளே நின்ற எனக்கு விரிசல் தெரியவில்லை; வெளியே நின்ற அவருக்கு அலமாரி தெரியவில்லை. சேர்ந்து நின்றிருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும், அது அடைத்துப்போட்ட வாசல் என்று.

மறுநாளே பரங்கிப்பேட்டைக்கு ஓடினோம். விறகு போட்டு வைத்திருந்த அறையில் அண்ணாந்து பார்த்தால், உத்தரமெல்லாம் புகைக் கரி; ஒரு காலத்தில் அது இன்னொரு அடுப்படி. தூண்களில் நான் ‘அலங்காரம்’ என்று எழுதிவைத்த நீளப் பள்ளம், பலகை சொருகும் பள்ளம். வீட்டைக் கட்டியவரே இரண்டு மகள்களுக்காகக் கட்டியிருக்கிறார்! நடுவில் பலகையைச் சொருகினால் இரண்டு வீடு, உருவினால் ஒரு வீடு. லாத்தா அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டு மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். கட்டியவரின் இளைய மகளுக்கு வாரிசு இல்லை; மூத்தவள் வழியில் லாத்தாவின் உம்மா ஒற்றைப் பெண். இவரும் ஒற்றைப் பெண். இரண்டு தலைமுறையாக இரண்டாவது வாசலுக்கு வேலையே இருக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த எங்கள் மேலதிகாரிக்கு அந்த வாசலைத் திறக்கும் யோசனை பிடிக்கவில்லை. அவர் நல்லவர், ஆனால் புத்தகப்படி நல்லவர். பழைய முகப்பில் கை வைக்கக் கூடாது, அடைத்த வாசல் அடைத்தபடியே இருக்க வேண்டும் என்றார். நான் வாதாடி ஓய்ந்த பிறகு, அதுவரை ஓரமாக நின்ற ஆரோக்கியசாமி அண்ணன் வாயைத் திறந்தார்.

“சார், கட்டினவரு ஒரு பாதிரியாரோ கலெக்டரோ இல்ல, ரெண்டு பொண்ணப் பெத்தவரு. அவரு நெனச்சதக் காப்பாத்துறதா, அலமாரியக் காப்பாத்துறதா?”

சம்பந்தியம்மாள் வைத்த பரீட்சை

மேலதிகாரி கையெழுத்துப் போட்டார், வாசலைத் திறந்தோம். தச்சரைப் பிடித்துப் பலகை இழைத்து, பள்ளத்தில் இறக்கினோம். விறகறை வெள்ளையடித்து அடுப்படி ஆனது. ஆனாலும் பையனின் உம்மா வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டுமே? அவர் எதிர்பார்த்தது சுவர், இருப்பதோ பலகை. வேண்டாம் என்றால் மறுநாள் மேஸ்திரி கடப்பாரையோடு நிற்பார், அதுவரை அவர் பொறுக்காவிட்டால் சம்பந்தமே போகும். அவர் பார்க்க வந்த அன்றைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நகம் கடித்ததில்லை.

அவர் புது வாசல் வழியாகவே வந்தார். அடுப்படியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஆயிஷாவை அந்தப் பக்கம் போய் ஏதாவது பேசச் சொன்னார். அவள் பாவம், பயத்தில் மெதுவாகத்தான் பேசினாள். எழுத்து எழுத்தாகக் கேட்டது. லாத்தா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் சபூரா மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. அந்த அம்மாள் பலகையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“கேக்கட்டும், கேக்கட்டும். நாளைக்கி என் மவன் இவகிட்ட சத்தம் போட்டா, ஓடி வர ஒரு ஆளு வேணுமில்ல?”

புயலுக்குப் பிறகு

தானே புயல் எங்கள் கணக்கெடுப்பையே புரட்டிப் போட்டது. பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எது நிற்கிறது, எது விழுந்தது என்று மறுபடியும் கதவு தட்டினோம். முதுநகர்க் கிடங்கில் ஒரு சுவர் சாய்ந்திருந்தது; அஞ்சலையம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். பரங்கிப்பேட்டைக்குப் பயந்துகொண்டேதான் போனேன். தூண்கள் நின்றன. சபூரா கல்யாணமாகிக் குடியிருந்த பக்கம் ஓடு பூராவும் பறந்து, மேலே வானம் தெரிந்தது. சிரித்தால் சிரியுங்கள், அந்தத் தூண்களைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் நடுவில் பலகை இல்லை. கூடம் ஒரே கூடமாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடு போன அன்றே பலகைகளை உருவிவிட்டு, இரண்டு குடும்பமும் ஆயிஷா பக்கமாகச் சுருண்டு படுத்திருக்கிறார்கள். ஓடு மாற்றிய பிறகும் திரும்பச் சொருக யாருக்கும் ஞாபகம் வராது போலிருந்தது. பலகைகள் மட்டும் சுவரோரம் வரிசை மாறாமல் அடுக்கியிருந்தன. நான் அதையே பார்ப்பதைக் கண்டு லாத்தாவுக்குக் கொஞ்சம் சங்கடம்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். போட்டோ எடுக்கணும்னா சொல்லுங்க, இப்பவே மாட்டிர்றோம். அதுவரைக்கும் புள்ளைங்க ஓடட்டும்.”

ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றச் சட்டம், திட்டம், மேலதிகாரி எல்லாம் வேண்டும்தான், ஆனால் இத்தனை வருஷம் டேப் பிடித்ததில் நான் கண்டவரை, அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது.