நாலு மூலையில் மஞ்சள்

போன திங்கட்கிழமை கூலிம் நில ஆபீஸுக்குப் போனேன். பதினோராவது தடவை. அங்கே இருக்கும் பெஞ்சுக்குக்கூட இந்நேரம் என் பெயர் தெரிந்திருக்கும்...

கடல் தாண்டி மலாயாவுக்கு வந்து சொந்தமாக வாங்கிய பலகை வீடு. கிராண்டுக்கு, அதாவது உரிமைப் பத்திரத்துக்கு, மனுக் கொடுத்தது வெள்ளைக்காரன் காலத்தில். மறு மாதமே சண்டை. பிறகு ஜப்பான்காரன். இப்போது கெடாவைச் சயாமிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று ராஜாங்கம் மாறிவிட்டது — என் மனு மட்டும் அசையவில்லை.

"பெசோக் வாங்கண்ணே" என்பார் ஆபீஸ் குமாஸ்தா சுப்பையா கிராணி. பெசோக் என்றால் நாளை. எந்த நாளை என்று அவர் சொன்னதே இல்லை.

இந்த முறை பெசோக் செல்லாது. இன்னும் இங்கேயே இருக்கும் ஜப்பான் ராணுவம் வீடு பிடிக்கிறது. சனிக்கிழமைக்குள் கிராண்டைக் காட்டு, இல்லையென்றால் காலி செய் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு ஏது... மரவள்ளிக்கிழங்குகூட இறங்கவில்லை. மனைவி தனத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அழுதாலாவது வேலை நடக்காதா என்ற எண்ணம்தான்.

கிராணி எங்களைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். ராணுவம் அங்கே அரிசி மூட்டை அடுக்கியிருந்ததால், பைல்களெல்லாம் தரையில் குவியலாகக் கிடந்தன.

"நம்பர் அட்டையெல்லாம் போச்சு. ஏதாச்சும் அடையாளம் இருக்கா அண்ணே?"

"இருக்கு. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவித்தான் கொடுத்தோம்," என்றேன் பெருமையாக. தடவிய அன்று தனத்தைத் திட்டியவனும் நானேதான்.

கிராணி குவியலைக் காட்டினார். பாதிக்கு மேல் மஞ்சள். கூலிமில் வீடு வாங்கிய தமிழன் எவன்தான் மஞ்சள் வைக்காமல் மனுக் கொடுத்திருப்பான்?

வீடு போனது போனதுதான் என்று நினைத்தேன்.

"நம்மளது மஞ்சள் இல்லைங்க," என்றாள் தனம் மெல்ல.

"பின்ன?"

"அன்னிக்கு நீங்க அவசரப்படுத்துனீங்க. அம்மியில இருந்த மீன் மசாலாவைத் தடவிட்டேன்."

கிராணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அரிசி இருக்கும் அறையில் எலி இல்லாமல் இருக்குமா?

"அப்ப எலி கடிச்ச சூராட்டு, அதான் காகிதமாப் பாத்துத் தேடுங்க லா," என்றார் கிராணி.

கால் மணி நேரத்தில் கிடைத்தது. மனுவின் நாலு மூலையும் சுத்தமாகக் காணோம். அதன் அடியிலேயே, கையெழுத்தெல்லாம் போட்ட கிராண்டு — சண்டைக்கு முன்பே தயாராகிவிட்டதாம். சயாம் அதிகாரி அதன்மேல் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார். சனிக்கிழமை வந்த ராணுவத்தார் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சாமி படத்துக்கு முன்னால் கிராண்டை வைத்ததும், தனம் பயபக்தியோடு மஞ்சள் டப்பாவைத் திறந்தாள்.

"மூடி வை," என்றேன். "நம்ம வீட்டுக்கு மீன் மசாலாதான் ராசி."